யாருக்கும் நட்டமில்லையா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு உங்கள் சினிமாப் பக்கத்தில் வடிவேலுவைப் பற்றி வந்த குறிப்பைப் படித்தேன். புலிகேசி படத்தின் இரண்டாம் பாகம் நின்றுபோன கதையை நாலு வரியில் சொல்லிவிட்டு, “இதனால் யாருக்கும் நட்டமில்லை” என்று முடித்திருந்தீர்கள். முதற்படம் 2008 இல் வந்தது என்றும் போட்டிருந்தீர்கள். வருடம் பிழைத்ததைப் பொறுத்துக்கொள்ளலாம். அந்தக் கடைசி வரியைப் பொறுக்க முடியாமல்தான் எழுதுகிறேன்.

‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’ வெளிவந்தது 2006 ஜூலையில். அதே ஜூலையில் இலங்கையின் கிழக்கில், எங்கள் மாகாணத்தில், இராணுவத்துக்கும் புலிகளுக்கும் சண்டை மறுபடி தொடங்கியதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மாவிலாறு, மூதூர், பிறகு வாகரை. 2007 மார்ச்சில் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள எங்கள் படுவான்கரையும் இடம்பெயர்ந்தது. கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு வாவியைக் கடந்து கிழக்கே எழுவான்கரைக்கு வந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களில் எங்களதும் ஒன்று.

என் அப்பா வடமோடிக் கூத்தில் இருபது வருடத்துக்கு மேல் ராசா வேடம் கட்டியவர். கூத்துடுப்பு, முடி, சதங்கை எல்லாம் வீட்டோடு விட்டுவிட்டு வந்தவர், முகாமில் மூன்று கிழமையாக ஒருவரோடும் கதைக்கவில்லை. சாப்பாட்டை வைத்தால் சாப்பிடுவார், இல்லையென்றால் கேட்கமாட்டார். ஓர் இரவு பெடியன்கள் எங்கேயோ ஒரு டிவியும் சீடியும் எடுத்துவந்து தறப்பாளுக்குக் கீழே இந்தப் படத்தைப் போட்டார்கள். சாதிச் சண்டை பிடிப்பதற்கென்றே புலிகேசி ஒரு மைதானம் திறந்துவைப்பானே, அந்த இடத்தில் அப்பா சிரித்தார். வாய்விட்டுச் சிரித்தார். “இஞ்ச பாரு புள்ள, நம்மட கூத்தில வரவுக்கு வாற ராசா மாதிரியே நடக்கிறான்” என்று என் கையைப் பிடித்துச் சொன்னார். மூன்று கிழமைக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. வெள்ளைக்காரனுக்கு வளைந்துகொடுத்து, குளிர்பானத்துக்கு விளம்பரம் பேசி, கடைசியில் திருந்துகிற அந்த ராசாவை அதற்குப் பிறகு எத்தனை தரம் பார்த்தோம் என்று கணக்கில்லை.

2017 இல் ‘24ஆம் புலிகேசி’ வரப்போகிறது என்று உங்கள் பத்திரிகையில்தான் முதலில் பார்த்தேன். அதே சிம்புதேவன் இயக்கம், அதே ஷங்கர் தயாரிப்பு, அதே வடிவேலு. அந்தத் துண்டை வெட்டி அப்பாவின் கட்டிலடியில் ஒட்டினேன். அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். செட் போட்டுப் படப்பிடிப்பும் தொடங்கிய பிறகு பிணக்கு வந்தது. தயாரிப்பாளர் சங்கம் வரைக்கும் போனது. வடிவேலு நடிக்க முடியாமல் வீட்டில் இருந்தார். 2021 ஆகஸ்டில் பேசித் தீர்த்துத் தடையை எடுத்தார்கள். நடிகர் திரும்பி வந்தார், படம் வரவில்லை. 2023 இல் ‘மாமன்னன்’ பார்த்து எல்லோரும் மெச்சினார்கள், நானும் மெச்சினேன். ஆனால் அப்பா 2019 இலேயே போய்விட்டார். கடைசி வருடம் வரைக்கும் “அந்த ராசா படம் வந்திட்டா புள்ள?” என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. எங்கள் ஊர் முறை ஒன்று இருக்கிறது, அதை மட்டும் சொல்கிறேன். கூத்துப் பழக்கும் அண்ணாவியார், ஆடுபவர்களுக்கு அவரவர் பாட்டை எழுதிச் சட்டங்கொடுத்துவிட்டால் அந்தக் கூத்து ஊருடைய கூத்து. ஆட்டம் பழகி, சதங்கை அணிந்து, முழு ஒத்திகையாக அடுக்குப் பார்த்து, வட்டக்களரியில் விடிய விடிய ஆடி அரங்கேற்றும் வரைக்கும் ஒருவரும் விடமாட்டார்கள். நடுவில் ஒருவர் கோபித்துக்கொண்டு போனால் பெரியவர்கள் வெற்றிலையோடு அவர் வீட்டுப் படலைக்குப் போவார்கள். பார்க்கக் காத்திருக்கும் சனத்துக்கும் அதில் பங்கு இருக்கிறது என்பதால்தான் போகிறார்கள். படம் வந்திருந்தாலும் நன்றாக இருந்திருக்காது என்று உங்கள் எழுத்தாளர் சொல்லலாம். இருக்கட்டும். அதைப் பார்த்துவிட்டு நாங்கள் சொல்லியிருப்போம்.

கூத்து என்றதும் இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. போன வருடம் எங்கள் ஊர் அரங்கேற்றச் செய்தியைப் படத்தோடு அனுப்பினேன், வரவில்லை. மறுபடி அனுப்பினேன். மூன்று வரியில் போட்டீர்கள், ஊரின் பெயர் இல்லை, அண்ணாவியாரின் பெயர் இல்லை. அதே பக்கத்தில் சென்னை நடிகை ஒருவரின் பிறந்தநாளுக்குக் கால் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். படுவான்கரையில் வெள்ளம் வந்தால் மட்டும் எங்கள் ஊர்ப் பெயர்கள் எழுத்துப் பிழையோடு உங்கள் முதற்பக்கத்தில் வருகின்றன. 2014 இல் வாவிக்குக் குறுக்கே மண்முனைப் பாலம் திறந்து, ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவைப் போக்குவரத்து நின்றது. பாலம் வந்தும் உங்கள் ஞாயிறு இதழ் எங்கள் கடைக்குப் பின்னேரம்தான் வருகிறது. அதற்கும் இரண்டு தரம் எழுதினேன். பதில் இல்லை. ஆனாலும் வாங்குவதை நிறுத்தவில்லை. அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வருகிற பத்திரிகை இது.

உங்கள் இடநெருக்கடி எனக்கு விளங்கும், அதனால் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு ஒரு மூலையில், முதற்படம் வந்த வருடம் 2006 என்று திருத்தம் போடுங்கள். இந்தக் கடிதத்தை வெட்டத்தான் வேண்டுமென்றால் வெட்டுங்கள். கீழே உள்ள ஊர்ப் பெயரை மட்டும் வெட்டாமல் விடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
அரசடித்தீவு, படுவான்கரை.