கட்டிலுக்கு முன் தராசு

அன்புள்ள குணா,

உன் கடிதமும் அதோடு அனுப்பிய விளம்பரத் தாள்களும் கிடைத்தன. அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். சின்னவள் படிக்க வேறு ஊர் போய்விட்டாள், சமையலறையில் பாதி வேலை குறைந்துவிட்டது. நீயும் மீனாவும் ஜூனில் ஸ்டுட்கார்ட்டிலிருந்து நார்வேயின் வடகோடியான நார்ட்காப் வரை வோன்மோபிலில், அதாவது கட்டிலும் அடுப்பும் உள்ள வீட்டு வண்டியில், போகப் போகிறீர்கள் என்று படித்ததும் எனக்கே கை பரபரத்தது. போக மட்டுமே மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல். சரியான வண்டியாக இருந்தால் சுகமான பயணம்.

ஆனால் நீ குறி வைத்திருக்கும் அந்த 7.4 மீட்டர் வண்டியை இப்போதைக்கு வாங்காதே. நடுவில் போட்ட கட்டில், இரண்டு பக்கமும் இறங்க வழி, தனிக் குளியலறை எல்லாம் அழகுதான். அதன் சிக்கல் தாளின் கடைசியில் சின்ன எழுத்தில் இருக்கிறது: அனுமதித்த மொத்த எடை 3,500 கிலோ, ஓடத் தயாரான நிலையில் எடை 3,010 கிலோ. மிச்சம் 490 கிலோ இருக்கிறதே, இரண்டு பேருக்குப் போதாதா என்று கேட்பாய். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

"ஓடத் தயாரான நிலை" என்பதில் 75 கிலோ ஓட்டுநர், 90 சதவீதம் டீசல், ஒரு காஸ் சிலிண்டர், கொஞ்சம் தண்ணீர் அடக்கம். அந்தக் "கொஞ்சம்" பல கம்பெனிகளில் 20 லிட்டர்தான். தொட்டி 100 லிட்டர் பிடிக்கும், ஆனால் தாளில் எடை குறைவாகத் தெரிவதற்காகப் பயண அளவு என்று 20 லிட்டரில் நிறுத்திவிடுகிறார்கள். அதை நிரப்பினால் 80 கிலோ போயிற்று. நீ டிக் அடித்திருக்கும் கூடுதல் சாமான்கள், அதாவது வெயில் மறைப்பு, இழுவைக் கொக்கி, இரண்டாவது பேட்டரி, சோலார் தகடுகள், டிவி, ஆட்டோமேட்டிக் கியர், எல்லாம் சேர்ந்து 130 கிலோவுக்குக் குறையாது. இரண்டாவது சிலிண்டர் இரும்பும் காஸுமாக 23. மீனா, கோபித்துக்கொள்ளாமல் இருந்தால், 70. துணி, படுக்கை, பாத்திரம், மளிகை, மருந்து என்று ஒரு மாதத்துக்கு 150. இரண்டு மின்சைக்கிள் 50. நாற்காலி, மேசை 20. கேபிள், ஹோஸ், சக்கரக் கட்டை, கருவிப்பெட்டி 25. கூட்டினால் 548. அதாவது 58 கிலோ அதிகம், அதுவும் தாளில் உள்ள எடை உண்மை என்று வைத்துக்கொண்டால்.

அது உண்மையாக இருக்க வேண்டியதில்லை என்பதுதான் அடுத்த விஷயம். தாளில் போட்ட எடையிலிருந்து 5 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்று ஐரோப்பிய விதி விட்டுக் கொடுக்கிறது. 3,010 கிலோவில் 5 சதவீதம் என்றால் 150 கிலோ. மரமும் பிசினும் சேர்ந்த வேலை, ஒரு வண்டி போல இன்னொன்று வராது. கம்பெனி விட்டுத் தர வேண்டிய குறைந்தபட்சச் சுமைக்கும் ஒரு வாய்பாடு உண்டு: இருக்கைகளின் எண்ணிக்கையையும் மீட்டரில் வண்டியின் நீளத்தையும் கூட்டிப் பத்தால் பெருக்கு. நாலு இருக்கை, 7.4 மீட்டர் என்றால் 114 கிலோ. உடன் வருபவர்களின் எடை தனிக் கணக்கு. சட்டம் அவ்வளவுதான் காக்கும்.

அதனால் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் நீ கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: இந்த வண்டியை, இந்தச் சாமான்களோடு, தராசில் ஏற்றிய சீட்டு. புது வண்டி என்றால் ஒப்படைக்கும் நாளில் எடை இவ்வளவைத் தாண்டக் கூடாது என்று எழுதி வாங்கு. பழையது என்றால் கட்டுமானப் பொருள் கடையிலோ குப்பைக் கிடங்கிலோ லாரித் தராசு இருக்கும், சில யூரோவுக்கு எடை போடலாம். முழு வண்டி, முன் அச்சு மட்டும், பின் அச்சு மட்டும் என்று மூன்று முறை போடச் சொல். பதிவுச் சான்றில் எஃப் வரிசையில் மொத்த எடையும், 8.1, 8.2 கட்டங்களில் அச்சுகளின் வரம்பும் இருக்கும். இந்த வண்டிகளுக்கு அடிவண்டியாக வரும் ஃபியட் டுகாட்டோ வேனின் சாதாரண அடிச்சட்டத்தில் பின் அச்சுக்கு 2,000 கிலோ. மொத்தம் வரம்புக்குள் இருந்தும் பின் அச்சு தாண்டுவதுதான் அடிக்கடி நடப்பது.

காரணம் பின்னால் இருக்கும் அந்தப் பெரிய டிக்கி. பின் அச்சுக்கும் பின்னால் ஏற்றும் சாமான் நெம்புகோலாக வேலை செய்கிறது. அச்சுகளுக்கு நடுவே 4.035 மீட்டர், டிக்கியின் நடுப்பகுதி பின் அச்சிலிருந்து 1.6 மீட்டர் தள்ளி என்று வை. சைக்கிளும் மற்றதுமாக 100 கிலோ வைத்தால் பின் அச்சில் 140 கிலோ ஏறும், முன் அச்சில் 40 கிலோ குறையும். டுகாட்டோ முன்சக்கரத்தால் இழுக்கும் வண்டி. முன்பக்கம் லேசானால் ஈரப் புல்லில் சக்கரம் சுற்றிக்கொண்டே நிற்கும், படகு ஏற்றச் சரிவிலும் அப்படித்தான். நார்ட்காப் போகிற வழியில் கடலுக்கடியில் 212 மீட்டர் ஆழம் இறங்கி ஏறும் ஒரு சுரங்கம், 6.87 கிலோமீட்டர், சுமார் 9 சதவீதச் சரிவு. இறங்கும்போது பிரேக்கையே மிதித்துக்கொண்டு போனால் சூடேறிப் பிடிக்காமல் போகும். மேலேயே கியரைக் குறைத்துவிட்டு இறங்கு. எடை கூடிய வண்டிக்கு இது இன்னும் கட்டாயம்.

போலீஸ் பிடித்தால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தாய். ஜெர்மனியில் அபராதம் சின்னது: 5 சதவீதம் தாண்டினால் 10 யூரோவில் தொடங்கி, 20 சதவீதம் தாண்டினால் 95 யூரோவும் உரிமப் பதிவில் ஒரு தண்டப் புள்ளியும். ஆஸ்திரியா, சுவிஸ் பக்கம் தொகையும் பெரிது, அதிகச் சாமானை இறக்காமல் மேலே போகவும் விடமாட்டார்கள். எனக்கு அபராதத்தைவிடப் பெரிய கவலை டயர். வரம்புக்கு மேல் சுமையும் குறைந்த காற்றும் சேர்ந்தால் பக்கச்சுவர் சூடாகி நெடுஞ்சாலையில் வெடிக்கும். சிபி என்று குறியிட்ட கேம்பர் டயர்தான் போட வேண்டும். 225/75 ஆர் 16 சிபி அளவில் பின்சக்கரத்துக்கு 5.5 பார் காற்று. பக்கவாட்டில் டாட் என்று தொடங்கும் எண்ணின் கடைசி நாலு இலக்கத்தைப் பார்: 2319 என்றால் 2019இன் 23ஆம் வாரம். வோன்மோபில் டயர் தேய்ந்து போவதில்லை, நின்றே கிழமாகிறது.

சரி, வரம்பையே 3,850 கிலோவுக்கு உயர்த்திப் பதிவு செய்தால் என்ன? செய்யலாம். பின்னால் காற்று ஸ்பிரிங் போட்டுச் சான்று வாங்கினால் பல வண்டிகளுக்கு முடியும். ஆனால் உன் பி வகை உரிமம் 3,500 கிலோவோடு நின்றுவிடுகிறது. சி1 எடுக்க வேண்டும், 5 ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவச் சான்றோடு புதுப்பிக்க வேண்டும். 3.5 டன்னைத் தாண்டினால் ஜெர்மனியில் ஆட்டோபான் நெடுஞ்சாலையில் மணிக்கு 100, ஊருக்கு வெளியே மற்றச் சாலையில் 80 கிலோமீட்டர். ஆஸ்திரியாவில் கார்களுக்கான சுங்க வில்லை போதாது, தூரத்துக்குக் காசு வாங்கும் கோ-பாக்ஸ் மாட்ட வேண்டும். வண்டிச் சோதனையும் ஏழாம் ஆண்டிலிருந்து வருடாவருடம். ஆண்டில் பாதி நாள் வண்டியிலேயே இருக்கப் போகிறவர்களுக்கு இது சரி. உங்களுக்கு வேண்டாம்.

என் ஆலோசனை: வேன் உடம்பிலேயே உள்ளறை கட்டிய காஸ்டன்வாகன். டுகாட்டோவில் 5.99 மீட்டர், 6.36 மீட்டர் என்று இரண்டு நீளம் பொதுவாகக் கிடைக்கும், அகலம் 2.05 மீட்டர். 5.99இல் எடை சுமார் 2,900 கிலோ இருக்கும், சாமான் பட்டியலைக் கட்டுக்குள் வைத்தால் மேலே சொன்ன கணக்கு அடங்கிவிடும். கட்டில் குறுக்கே வருவதுதான் குறை. நீ 1.85 மீட்டருக்கு மேல் என்றால் காலை மடக்கித்தான் படுக்க வேண்டும். அப்போது நீளவாக்கில் இரட்டைக் கட்டில் உள்ள 6.36. ஒருவர் மேல் ஒருவர் ஏறி இரவில் இறங்கும் தொல்லையும் அதில் இல்லை. இரும்புச் சட்டங்களில் ஈரம் பூக்கும் என்பதும், நடுராத்திரி இழுவைக் கதவைச் சாத்தினால் முகாமே விழித்துவிடும் என்பதும் இந்த வகையின் குறைகள். இரண்டோடும் வாழலாம்.

வாங்குகிறபோது ஹீட்டரை டீசலில் கேள். வடக்கே ஜூன் இரவிலும் 5 டிகிரிக்கு இறங்கும். அறையையும் தண்ணீரையும் சேர்த்துச் சூடாக்கும் ட்ரூமா காம்பி ஹீட்டர் காஸில் எரிந்தால் மணிக்கு 160 கிராமிலிருந்து எடுக்கும். பத்து மணி நேரத்துக்கு 1.6 கிலோ, 11 கிலோ சிலிண்டர் ஒரு வாரத்தில் காலி. ஜெர்மன் சிலிண்டரை நார்வேயில் மாற்றித் தரமாட்டார்கள், பல நாடுகளில் திருகு வேறு. டீசல் ஹீட்டர் வண்டித் தொட்டியிலிருந்தே குடிக்கிறது. காஸ் அடுப்புக்கு மட்டும் போதும், ஒரு சிலிண்டர் பயணம் முழுக்க வரும். ஒன்று நினைவில் வை: ஹீட்டரின் உறிஞ்சுகுழாய் தொட்டியில் உயரமாக வைக்கப்பட்டிருக்கும், டீசல் குறைந்தால் ஹீட்டர்தான் முதலில் நிற்கும். பழுது என்று அலறாதே, டீசல் போடு.

காம்பியில் இன்னொரு சங்கதி. வெந்நீர்த் தொட்டியில் தண்ணீர் உறைந்து வெடிக்காமல் காக்க ஒரு வால்வு உண்டு, அந்த இடத்தில் வெப்பம் 3 டிகிரிக்கு இறங்கினால் தானே திறந்து தண்ணீரைத் தரையில் விட்டுவிடும். காலையில் வண்டிக்கடியில் ஓடை தெரிந்தால் அது ஒழுகல் அல்ல. உள்ளே சூடேற்றி 7 டிகிரி தாண்டிய பிறகுதான் கையால் மூட முடியும்.

காஸ் இருக்கும் எந்த வண்டிக்கும் ஜி 607 என்ற காஸ் சோதனையின் புத்தகம் கேள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, 2025 ஜூனிலிருந்து ஜெர்மனியில் கட்டாயம். ரெகுலேட்டரும் ரப்பர் குழாயும் 10 ஆண்டில் மாற வேண்டும், தயாரித்த ஆண்டு அதிலேயே அச்சிட்டிருக்கும்.

மின்சாரத்தில் கம்ப்ரஸர் பிரிட்ஜ்தான் பெரிய வாய், நாளுக்கு 40 முதல் 60 ஆம்பியர்-மணி. ஏஜிஎம் என்ற ஈய வகை பேட்டரியில் 95 ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தாலும் பாதிதான் தாராளமாக எடுக்கலாம், எடை 27 கிலோ. லித்தியம் 100 என்றால் 12 கிலோதான், 90 வரை எடுக்கலாம். குளிர் பூஜ்ய டிகிரிக்குக் கீழே போனால் மட்டும் சார்ஜ் ஏற்றக் கூடாது. மீனா மிக்ஸியில்லாமல் எங்கும் வரமாட்டாள் என்பது எனக்குத் தெரியும். 700 வாட் மிக்ஸி 12 வோல்ட்டில் சுமார் 65 ஆம்பியர் இழுக்கும், 1,500 வாட் இன்வெர்ட்டரும் தடித்த குறுகிய கேபிளும் வேண்டும். யூரோ 6 புகை விதிக்கேற்ற எஞ்சினின் ஆல்டர்னேட்டர் ஓட்டத்தில் வோல்ட்டைத் தானே குறைத்துக்கொள்ளும். நடுவே வோல்ட்டை உயர்த்தித் தரும் பூஸ்டர் இல்லாவிட்டால் நாள் முழுக்க ஓட்டினாலும் உள்ளறைக்கான பேட்டரி அரைகுறையாகவே நிற்கும். குக்கரைக் காஸிலேயே வை, வேலையும் காஸும் மிச்சம். விசில் வரும் முன் கூரைச் சன்னலைத் திறந்துவிடு, அந்த ஆவி முழுக்க இரும்புச் சட்டத்தில்தான் போய் உட்காரும்.

பட்ஜெட் கருதிப் பழைய டைல்இன்டெக்ரியர்ட், அதாவது வேனின் ஓட்டுநர் அறைக்குப் பின்னால் தனி வீட்டு உடம்பு கட்டிய வகை, பார்க்கப் போனால், முதலில் பார்க்க வேண்டியது எஞ்சின் அல்ல, ஈரம். கூரைச் சன்னல் விளிம்பு, பின்விளக்கு, மூலைப் பட்டை வழியே தண்ணீர் உள்ளே போய் மரச் சட்டத்தை வருடக்கணக்கில் அழுகச் செய்யும். வெளியே தெரியும்போது சுவரைப் பிரிக்க வேண்டியிருக்கும். அலமாரிகளைத் திறந்து மோப்பம் பிடி. கட்டிலுக்கடி மூலைகளைப் பெருவிரலால் அழுத்து, உள்வாங்கினால் நடையைக் கட்டு. ஈரமானி 15 சதவீதத்துக்குள் காட்டினால் நல்லது, 20க்கு மேல் என்றால் விலை பேசவே வேண்டாம். வருடாந்தர ஈரச் சோதனையின் முத்திரைகள் வரிசையாக இருக்கின்றனவா பார், இடையில் ஒரு ஆண்டு விட்டிருந்தாலும் கம்பெனி உத்தரவாதம் செல்லாமல் போகலாம். 2019க்கு முந்தைய டுகாட்டோவில் ஆட்டோமேட்டிக் என்று இருந்தால் அது கிளட்சை மோட்டார் மிதிக்கும் பழைய வகை, மலைச்சரிவில் பின்னெடுக்கும்போது தடுமாறும். அதற்குப் பிறகு வந்த ஒன்பது கியர்தான் உண்மையான ஆட்டோமேட்டிக்.

கடையில் மீனாவும் உடன் வரட்டும். இருவரும் செருப்பைக் கழற்றிக் கட்டிலில் ஒன்றாகப் படுத்துப் பாருங்கள். கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து பார். கழிப்பறைப் பெட்டி 18 லிட்டர் போல இருக்கும், இரண்டு பேருக்கு இரண்டு மூன்று நாள். அதைத் தூக்கி இழுக்க வெளிக்கதவு எந்தப் பக்கம், கைக்கு எட்டுகிறதா என்பதையும் பார்த்துவிடு.

அடுத்த வாரம் 5.99, 6.36 இரண்டின் விலைப்பட்டியலும் அனுப்பு. விலைக்கு முன்னால் எடைப் பக்கத்தை அனுப்பு.

அன்புடன்,
பாஸ்கர்

பி.கு.: நார்வேப் படகுகளில் கட்டணம் நீளத்தைப் பார்த்து. 6 மீட்டரில் ஒரு படி இருக்கிறது. சைக்கிள் ஸ்டாண்டைப் பின்னால் மாட்டினால் 5.99 வண்டியும் அந்தப் படியைத் தாண்டிவிடும். ஸ்டாண்டும் நீளத்தில் சேரும்.