மருந்து எந்தத் தட்டில் இருக்கிறது?

கண்ணம்மாவுக்கு,

திங்கட்கிழமை ஆபீஸுக்குத் திரும்புகிறாய். "நீ எப்படிம்மா ரெண்டையும் சமாளிச்சே?" என்று போனில் கேட்டாய். அதற்குள் குழந்தை அழுதான், நான் தப்பித்தேன். உண்மையைச் சொன்னால், ரொம்ப நாள் நான் சமாளிக்கவே இல்லை.

உனக்கு அப்போது இரண்டு வயது. ஆபீஸில் ராத்திரி ரிலீஸ், அதாவது புது மென்பொருளை வெளியிடும் வேலை. டேட்டாபேஸ் மாற்றம் பாதியில் நின்றுபோய், எல்லாவற்றையும் பழைய நிலைக்குத் திருப்பிக்கொண்டிருந்தோம். அப்பா கூப்பிட்டார். "உடம்பு அனலாக் கொதிக்குது, மருந்து எங்க இருக்கு?" போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, டைப் அடித்தபடியே, "மேல் தட்டு, நீல மூடி... இல்லையில்லை, அது இருமலுக்கு" என்றேன். எத்தனை மில்லி என்பதும் என் தலைக்குள்தான் இருந்தது.

மறுநாள் மீட்டிங்கில் மேனேஜர் கேட்டார்: "இந்த சிஸ்டம் எப்படி ஒரே ஒருத்தருக்கு மட்டும் தெரிஞ்சிருக்கு? அவர் லீவு போட்டா?" எனக்கு ஆபீஸ் ஞாபகமே வரவில்லை, அந்த மருந்துத் தட்டுதான் வந்தது. சிஸ்டம் கோளாறானால் எந்நேரமும் எழுந்து பார்க்கும் ஆன்-கால் முறை கூட வாரம் மாறி வாரம்தான் வரும். வீட்டில் எனக்கு அந்த முறை மாறியதே இல்லை.

நிலவுக்கு மனிதரை அனுப்பிய அப்போலோ திட்டத்துக்கு மென்பொருள் எழுதிய மார்கரெட் ஹாமில்டன், இரவிலும் வார இறுதியிலும் தன் சின்ன மகளை ஆய்வகத்துக்குக் கூட்டிப்போவார். ஒருநாள் அவள் எதையோ அழுத்த, நடுப்பயணத்தில் புறப்பாட்டுக்கு முந்தைய நிரல் ஓடி, பயணத்தைப் போலவே நடத்திப் பார்க்கும் சிமுலேட்டர் நின்றுவிட்டது. இதைத் தடுக்க நிரலில் ஒரு காப்பு வைக்கிறேன் என்றார் ஹாமில்டன். விண்வெளி வீரர்கள் பயிற்சி பெற்றவர்கள், தப்பு செய்யமாட்டார்கள் என்று சொல்லி நாசாவில் மறுத்துவிட்டார்கள். 1968 டிசம்பரில் அப்போலோ 8 பயணத்தில் ஜிம் லவல் என்ற வீரர் அதே தப்பைச் செய்தார்!

அம்மாவைப் பற்றியும் வீட்டில் அதே நினைப்புதான்: அவளுக்கு எல்லாம் தெரியும், மறக்கமாட்டாள். நானும் அதை நம்பினேன், கொஞ்சம் பெருமையோடுதான்.

அப்புறம் ஒரு நோட்டு போட்டேன். மருந்து, அளவு, தடுப்பூசித் தேதி, நீ எந்தப் போர்வை இல்லாமல் தூங்கமாட்டாய் என்பது வரை. எழுதுவது சுலபம். அப்பா தன் முறையில் உனக்குச் சட்டையை உள்பக்கம் வெளியே தெரிய மாட்டிவிட்டபோது வாயை மூடிக்கொண்டிருந்ததுதான் கஷ்டம். பலநாள் மூடவில்லை, ஒத்துக்கொள்கிறேன்.

ஆபீஸில் பால் எடுக்கும் நேரத்தைக் காலண்டரில் அப்படியே போட்டு வை. நான் 'சொந்த வேலை' என்று போட்டதால் அந்த நேரத்தில்தான் மீட்டிங் வைத்தார்கள். முதல் சில மாதம் ஆன்-கால் வேண்டாம் என்று கேள். முதல் வாரமே 'முடியும், முடியும்' என்று சொல்லிவிட்டு, ராத்திரி ஒரு மணிக்கு அரைக்கண்ணில் கோட் ரிவியூ, அதாவது மற்றவர் எழுதிய நிரலைச் சரிபார்க்கும் வேலை, பார்த்தவள் சொல்கிறேன். அதில் நான் சரியென்று விட்ட பிழையை வேறொருவர்தான் கண்டுபிடித்தார்.

ஞாயிறு ராத்திரி மாப்பிள்ளை தனியாகக் குழந்தையைத் தூங்கவைக்கட்டும். நீ வெளியே ஒரு நடை போய்விட்டு வா. போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ.

அம்மா