அத்தைக்கு, அந்த பாபிலோன் பாட்டைப் பற்றி

அன்புள்ள அத்தைக்கு,

ஸ்தோத்திரம். போன ஞாயிற்றுக்கிழமை போனில் ஆரம்பித்துப் பாதியில் விட்ட விஷயம் இது. பேச்சில் சொன்னால் சிதறிப்போகும் என்று எழுதுகிறேன். எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுவதற்குக் காரணம், அந்தப் பாட்டைக் கேட்டு வளர்ந்தது நம் வீடு மட்டும் இல்லை என்பதுதான்.

பாளையங்கோட்டை வீட்டில் டிசம்பர் மாதம் மட்டும் பீரோவிலிருந்து வெளியே வரும் கேசட் ஞாபகம் இருக்கிறதா? ஏ பக்கம் முழுக்க கிறிஸ்துமஸ் பாட்டு. பி பக்கத்தில் இடம் மிச்சம் இருந்ததால் ரெக்கார்டிங் கடைக்காரர் தன் இஷ்டத்துக்கு போனி எம் என்ற டிஸ்கோ குழுவின் பாட்டுகளைப் பதிந்து கொடுத்திருந்தார். அதில் முதலாவது ‘ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்’. வார்த்தையே இல்லாமல், கூட்டமாக முனகுகிற மாதிரி அந்தப் பாட்டு தொடங்கும். முறுக்கு பிழிந்துகொண்டிருந்த நீங்கள் மாவுக் கையைத் தூக்கிப் பிடித்தபடி, “சத்தத்தைக் கூட்டுலே” என்பீர்கள். பாட்டு முடிந்ததும் ஒருநாள் சொன்னீர்கள்: “இது சினிமாப் பாட்டு மாதிரி யாரோ எழுதினதுன்னு நினைக்காதே. சங்கீதம் 137. போய் எடுத்துப் பாரு.”

எடுத்துப் பார்த்தேன். “பாபிலோன் ஆறுகள் அருகே நாங்கள் உட்கார்ந்து, அங்கே சீயோனை நினைத்து அழுதோம்” என்று இருந்தது. பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட யூதர்களின் அழுகை அது. சீயோன் என்றால் அவர்கள் விட்டுவந்த எருசலேம். அடுத்த வசனத்தில் அவர்கள் தங்கள் கின்னரங்களை அலரிச் செடிகளின்மேல் தூக்கிவைக்கிறார்கள். எனக்குத் தெரிந்த அலரி, நம் ஆலயக் காம்பவுண்டு ஓரத்தில் நின்ற அரளிதான். கின்னரம் என்றால் என்னவென்று தெரியாது. அதனால் கொயரில் வாசிக்கிற வயலினை யாரோ அந்த அரளிக் கிளையில் மாட்டிவிட்டு, மண்ணில் உட்கார்ந்து அழுகிற மாதிரி நினைத்துக்கொண்டேன். இன்றைக்கும் அந்தப் பாட்டைக் கேட்டால் அந்த வயலின்தான் கண்ணில் வருகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் ஒருநாள் ராத்திரி போனில் எதையோ தேடும்போது அதே பாட்டு வேறு குரலில் கிடைத்தது. மெலோடியன்ஸ் என்கிற ஜமைக்கா குழு, மூன்று ஆண்கள். 1970இல் பதிவானது, அதாவது போனி எம் பாடுவதற்கு 8 வருடம் முன்னால். நாம் கேட்டதுதான் மறுபதிப்பு, அத்தை. அந்தக் குழுவின் பிரெண்ட் டோவ், ட்ரெவர் மெக்நாட்டன் என்ற இரண்டு பேர் சேர்ந்து எழுதிய பாட்டு அது.

இதில் பெரிய கோரஸ் கிடையாது, ஜிகுஜிகுப்பும் கிடையாது. ஒரு குரல் முன்னால் போக மற்ற இரண்டும் தோளில் கை போட்டுக்கொண்டு நடக்கிற மாதிரி கூடவே வருகின்றன. “கர்த்தரின் பாட்டை அந்நிய தேசத்தில் நாங்கள் பாடுவதெப்படி?” என்ற வசனம் வரும் இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர்கள் ‘கர்த்தரின் பாட்டை’ என்று பாடவில்லை. ‘அல்ஃபா ராஜாவின் பாட்டை’ என்று பாடுகிறார்கள். திரும்பவும் போட்டுக் கேட்டேன், அதேதான். அப்புறம், பிரசங்கத்துக்கு முன்னால் ஐயர் சொல்வாரே, “என் வாயின் வார்த்தைகளும், என் இருதயத்தின் தியானமும்” என்று, அந்த 19ஆம் சங்கீதத்து ஜெபமும் இந்தப் பாட்டில் உண்டு. போனி எம் அதை ‘இன்றிரவு இங்கே’ என்று முடிப்பார்கள். மெலோடியன்ஸ் அதே இடத்தில் ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்: ‘ஓ ஃபாரை’.

ஃபாரை என்றால் ரஸ்தஃபாரி. அல்ஃபா ராஜா என்றாலும் அவரேதான். எத்தியோப்பியாவின் பேரரசர் ஹைலே செலாசி.

அவருடைய பழைய பெயர் தஃபாரி மக்கோனன். ‘ராஸ்’ என்பது பிரபு மாதிரியான ஒரு பட்டம். 1930 நவம்பர் 2ஆம் தேதி அவருக்கு முடிசூட்டினார்கள். ராஜாதி ராஜா, யூதா கோத்திரத்துச் சிங்கம் என்றெல்லாம் பட்டப்பெயர்கள். இந்தச் செய்தியும் படங்களும் ஜமைக்காவுக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே அதைப் பார்த்தது யார் என்று யோசியுங்கள். ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் அடைத்துக் கொண்டுவரப்பட்டு, கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக வேலை செய்தவர்களின் பேரப்பிள்ளைகள். 1838இல்தான் அந்தத் தீவில் அடிமைமுறை முழுசாக ஒழிந்தது. கையில் இருந்த ஒரே புத்தகம் நம்முடைய அதே வேதாகமம். அதில் எத்தியோப்பியா தேவனை நோக்கிக் கையெடுக்கும் என்று 68ஆம் சங்கீதம் சொல்கிறது. யூதா கோத்திரத்துச் சிங்கம் வெளிப்படுத்தின விசேஷத்தில் வருகிறது. ஆப்பிரிக்காவைத் திரும்பிப் பாருங்கள் என்று மார்கஸ் கார்வி என்ற ஜமைக்காக்காரர் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். ஒரு கறுப்பர் தலையில் கிரீடம் ஏறியதும், இவரே வேதம் சொன்ன மேசியா, சிறையிருப்பு முடிகிறது என்று அவர்களில் பலர் நம்பினார்கள். அப்படி நம்பியவர்கள்தான் ரஸ்தாக்கள்.

அந்த நம்பிக்கையை நானும் ஏற்கவில்லை, நீங்களும் ஏற்கமாட்டீர்கள். செலாசியே எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் சபையைச் சேர்ந்த கிறிஸ்தவர்தான். ஆனால் 137ஆம் சங்கீதத்தை இவர்கள் வாசித்த மாதிரி நாம் வாசித்ததில்லை, அத்தை. நமக்கு பாபிலோன் பழைய ஏற்பாட்டில் இருக்கும் ஓர் ஊர். அவர்களுக்கு பாபிலோன் தெருமுனையில் நிற்கும் போலீஸ்காரர். இன்றும் ஜமைக்காவில் ரஸ்தாக்கள் போலீஸை அந்தப் பெயரில்தான் சொல்வார்கள். சீயோன் என்றால் ஆப்பிரிக்கா. நம் வேதாகமத்தில் “எங்களைச் சிறைபிடித்தவர்கள்” என்று இருக்கிற இடத்தில் அவர்கள் ‘துன்மார்க்கர்’ என்று மாற்றிப் பாடுகிறார்கள். போனி எம்மிலும் அந்தச் சொல் அப்படியே தங்கிவிட்டது. கப்பலில் ஏற்றியவனை அவர்கள் வேறு எப்படிச் சொல்வார்கள்?

இதையெல்லாம் அவர்கள் சும்மா பாடிவிடவில்லை. லெனர்ட் ஹவல் என்பவர் 1930களின் தொடக்கத்தில் செலாசியின் படத்தை வைத்துக்கொண்டு, நம் ராஜா இங்கிலாந்தில் இல்லை, எத்தியோப்பியாவில் இருக்கிறார் என்று பிரசங்கித்தார். 1934இல் ராஜதுரோகம் என்று சொல்லி அவரைச் சிறையில் போட்டார்கள். (நமக்குச் சம்பந்தமில்லாத கதை என்று நினைக்காதீர்கள். குரு, மகராஜ் என்று ஒலிக்கும் ஓர் இந்தியப் புனைபெயரில்தான் ஹவல் எழுதினார். 1845 முதல் கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளாக அங்கே போன இந்தியர்களோடு பழகியவர்கள் அந்த ஊர் மக்கள். கஞ்சாவை அவர்களும் கஞ்சா என்றே சொல்கிறார்கள். இதைப் படித்ததும் உங்கள் முகம் சுருங்கும் என்று தெரியும். அவர்களுக்கு அது ஜெபத்தோடு சேர்ந்தது. 2015இல் ஜமைக்கா அரசும் வழிபாட்டுக்கு அதை அனுமதித்துவிட்டது.) 1963இல் கோரல் கார்டன்ஸ் என்ற இடத்தில் நடந்த மோதலுக்குப் பிறகு, போலீஸ் கண்ணில் பட்ட ரஸ்தாக்களையெல்லாம் பிடித்து அடித்து அவர்களின் சடையை வெட்டியது. அந்தச் சடை நசரேய விரதத்துச் சடை, அத்தை. சிம்சோன் வைத்திருந்தானே, அதே காரணம், எண்ணாகமம் 6ஆம் அதிகாரம். நாட்டின் பிரதமர் அதற்குப் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்க 2017 ஆனது.

கோரல் கார்டன்ஸ் நடந்து 7 வருடத்தில்தான் மெலோடியன்ஸ் ‘அல்ஃபா ராஜா’ என்று ரிக்கார்டில் பாடுகிறார்கள். அரசு உடனே பாட்டைத் தடை செய்ததாக பிரெண்ட் டோவ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். பாட்டைத் தயாரித்த லெஸ்லி காங், ஆரஞ்சு தெருவில் ஐஸ்கிரீம் கடையும் ரிக்கார்டு கடையும் சேர்த்து நடத்திய சீன வம்சாவளி ஜமைக்காக்காரர். இது வேதாகமத்தில் இருக்கும் வார்த்தை, இதை எப்படித் தடை செய்வீர்கள் என்று அவர் போய்ச் சண்டை போட்டாராம். தடை நீங்கியது. மூன்றே வாரத்தில் ஜமைக்காவில் முதலிடம். சங்கீதக்காரன் வாயிலிருந்து வந்த வசனம் 1970இல் ஓர் அரசாங்கத்தைப் பயமுறுத்தியிருக்கிறது என்பதை நினைக்க நினைக்க எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

1978இல் போனி எம் அதைப் பாடியபோது பயமுறுத்தும் அந்த இரண்டு சொற்களும் போய்விட்டன. இங்கிலாந்தில் 5 வாரம் முதலிடம், உலகமெல்லாம் கேசட், நம் பீரோ வரைக்கும். அதில் முன்னால் நின்று பாடிய லிஸ் மிட்செல் ஜமைக்காவில் பிறந்தவர். கூடப் பாடிய மார்சியா பாரெட்டும் ஜமைக்காவில் பிறந்தவர்தான். பிறந்த மண்ணின் பாட்டைத்தான் பாடினார்கள், அந்த மண் எதற்காக அதைப் பாடியதோ அந்தப் பெயர் மட்டும் இல்லை. அது சரியில்லை என்றே நினைக்கிறேன். நாம் அந்தப் பாட்டை நேசித்தது பொய் என்று சொல்லவில்லை. லிஸ் மிட்செலின் குரல் இல்லாமல் எனக்கு டிசம்பர் இல்லை. ஆனால் அந்தக் குரல் யாருடைய அழுகையைப் பாடியது என்று நமக்கு யாரும் சொல்லவில்லையே.

இப்போது தாளம். ஆலயத்தில் ஆர்கன் வாசித்தவர் நீங்கள், உங்களுக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வேன். கொயர் பிராக்டிஸில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று காலால் தட்டுவீர்கள், ‘ஒன்று’ மேல் அழுத்தம் இருக்கும். மெலோடியன்ஸ் பாடுவது ரெகே என்ற ஜமைக்கா இசை. அதில் கிடார் இரண்டிலும் நான்கிலும் ‘சக், சக்’ என்று வெட்டும். ரெகே பாடகர் பாப் மார்லியின் குழுவில் டிரம்ஸ் வாசித்த கார்ல்டன் பாரெட்டின் பேர்போன ஒரு நடை உண்டு. அதில் ‘ஒன்று’ காலியாகவே இருக்கும், பெரிய மேளம் மூன்றில்தான் விழும். காலியாக விட்ட இடத்தில் நம் உடம்பு தானாக ஓர் அடியைப் போட்டுக்கொள்ளும். தட்டிப் பாருங்கள், முதலில் தடுமாறும், பிறகு கால் விடாது.

இந்தத் தாளத்துக்குக் கீழே ரஸ்தாக்களின் ஜெபக்கூட்ட மேளம் இருக்கிறது. மூன்று மேளங்கள். பெரிய பாஸ் மேளத்தைத் துணி சுற்றிய கோலால் அடிப்பார்கள், தரை அதிரும். ஃபுண்டே இதயத்துடிப்பு மாதிரி விடாமல் போகும். ரிப்பீட்டர் அதன்மேல் பேசும். ராத்திரி முழுக்க இந்த மேளத்தோடு சங்கீதங்களைப் பாடுவார்கள். கிங்ஸ்டனில் கவுண்ட் ஆஸி என்ற மேளக்காரர் இருந்தார். பிரின்ஸ் பஸ்டர் என்ற தயாரிப்பாளர் அவருடைய குழுவைத் தேடிப் போய் ஸ்டுடியோவுக்குக் கூட்டிவந்து, 1960 வாக்கில் ‘ஓ கரோலினா’ என்ற பாட்டைப் பதிவு செய்தார். ரஸ்தா என்றால் வேலைகூடக் கொடுக்காத காலத்தில் அந்த மேளம் ரேடியோவுக்கு வந்தது அப்படித்தான். ரெகே என்ற பெயரே அதற்கும் 8 வருடம் கழித்துத்தான் வருகிறது.

1966 ஏப்ரல் 21ஆம் தேதி செலாசியே ஜமைக்காவில் வந்து இறங்கினார். விமான நிலையத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல். மேளம், கொடி, சங்கீதம், புகை. கூட்டம் தடுப்பை உடைத்து விமானத்தைச் சூழ்ந்துகொண்டதில் பேரரசர் இறங்கவே முடியவில்லை. கடைசியில் மார்ட்டிமர் பிளானோ என்ற ரஸ்தா மூப்பர் படியேறிப் போய்ப் பேசி, கூட்டத்தைப் பார்த்து வழிவிடச் சொன்னார். அரசாங்கத்தின் வரவேற்பு ஏற்பாடெல்லாம் ஒன்றுமில்லாமல் போய், நேற்றுவரை விரட்டப்பட்ட சடைக்காரர் ஒருவர் விருந்தாளியைக் கூட்டி வருகிறார்! மார்லியின் மனைவி ரீட்டா அன்றைக்குத் தெருவோரம் நின்று, செலாசி கையசைத்தபோது உள்ளங்கையில் ஆணி வடுவைக் கண்டதாகச் சொன்னார். அந்த வீட்டில் நம்பிக்கை வேர்விட்டதில் அந்த நாளுக்குப் பெரிய பங்கு உண்டு. மார்லியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் பேரனின் பனியனிலேயே இருக்கிறார். 1981இல் 36 வயதில் போய்விட்டார்.

மெலோடியன்ஸும் போய்விட்டார்கள். பிரெண்ட் டோவ் 2006இல். டோனி பிரெவெட் 2013இல். மெக்நாட்டன் 2018 நவம்பரில், ஜமைக்காவின் ரெகேயை யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வமாகப் பட்டியலில் சேர்த்த அதே மாதத்தில். அந்தச் செய்தியைப் பார்க்க அவருக்குச் சில நாள் போதாமல் போனது.

டிசம்பர் 20க்கு டிக்கெட் போட்டிருக்கிறேன். சின்ன ஸ்பீக்கர் ஒன்று கொண்டு வருகிறேன், காதுக்குப் பக்கத்திலேயே வைத்துக் கேட்கலாம். முதலில் பழைய பழக்கத்துக்கு போனி எம், அப்புறம் மெலோடியன்ஸ். இரண்டாவது குரலும் மூன்றாவது குரலும் எங்கே பிரிகின்றன என்று எனக்குப் பிடிபடவே இல்லை, உங்கள் காதுக்குப் பிடிபடும். பெரிய எழுத்து பைபிளில் 137இல் ஓர் அடையாளம் வைத்துவிடுங்கள். முறுக்கு மாவை நான் பிசைகிறேன், நீங்கள் ஆல்டோ பாடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகன்