காற்று எத்தனை மணிக்குத் திரும்பும்? வானிலை முன்னோட்டம் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வானிலையாளர்களுக்கு,

வணக்கம். கட்டட வேலை நடக்கும் இடங்களில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். கான்கிரீட் எந்த நாள் போடுவது, ஆட்களை எத்தனை மணிக்குச் சாரத்தில் ஏற்றுவது, எப்போது இறக்குவது எல்லாம் என் தலையில்தான். அதனால் உங்கள் முன்னோட்டத்தை நான் பொழுதுபோக்குக்குப் படிப்பதில்லை.

நடுக்கோடையில் உங்களோடு எனக்கு ஒரு பிணக்கும் கிடையாது. வெயில் கொளுத்தும் என்பீர்கள், கொளுத்தும். கோடை கழிந்து குளிர்காற்று உள்ளே வருகிற அந்த ஒன்றிரண்டு வாரங்களில்தான் வம்பு. "வார இறுதியில் வெப்பம் படிப்படியாகத் தணிந்து இதமான சூழல் நிலவும்" என்று ஒரு வரி வரும். அப்படி ஒரு வரியை நம்பித்தான் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் தளம் போட ஆரம்பித்தோம்.

மூன்று மணி வரை இலை அசையவில்லை. கம்பியைத் தொட்டால் கை பொத்துப்போகும் சூடு. (நீங்கள் சொல்லும் 34 டிகிரி, வெள்ளையடித்த பெட்டிக்குள் நிழலில் எடுத்தது. கம்பிக்கு அது தெரியாது.) மூன்றரைக்குக் காற்று திடீரென்று எதிர்த் திசையிலிருந்து வந்தது. முதலில் புழுதி, பின்னாலேயே வீச்சு. செங்கல் வைத்துக் கட்டியிருந்த தார்ப்பாய் கயிற்றோடு பறந்து பக்கத்து மனையில் போய் விழுந்தது. சாரத்தில் நின்ற இருவரையும் இறக்கிவிட்டோம், யாருக்கும் அடியில்லை. கால் மணி நேரத்தில் நனைந்த சட்டை முதுகிலேயே காய்ந்து சில்லிட்டது. "அப்பாடா, பொழச்சோம்" என்றார் மேஸ்திரி.

இருட்டியதும் விளக்கைப் பிடித்துப் பார்த்தால், தளத்தின் மேல் நூல் நூலாக வெடிப்பு.

வெயிலில்தான் கான்கிரீட் வெடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். புதுக் கான்கிரீட்டுக்கு வெயிலைவிடப் பெரிய எதிரி, மேல்பரப்பு ஈரத்தை உறிஞ்சும் காற்று. கலவை மதியச் சூட்டை உள்ளே வைத்திருக்கிறது. மேலே வந்ததோ குளிர்ந்த, வறண்ட, வேகமான காற்று. அடியிலிருந்து ஊறி வரும் நீரைவிட மேலே ஆவியாகும் நீர் அதிகமானால் தோல் சுருங்கிக் கிழியும். சதுர மீட்டருக்கு மணிக்கு ஒரு கிலோ நீர் ஆவியாகும் நிலை வந்தால் உஷார் என்பது எங்கள் தொழிலில் பழகிய கணக்கு. அதைப் போட வெப்பநிலை மட்டும் போதாது, ஈரப்பதமும் காற்றின் வேகமும் வேண்டும். "இதமான சூழல்" என்ற சொல்லில் அந்த இரண்டும் இல்லை.

இப்போது அந்தப் "படிப்படியாக" என்ற சொல்லுக்கு வருகிறேன். குளிர்காற்று படிப்படியாக வருவதில்லை என்று எங்களுக்குக் கற்றுத்தந்ததே உங்கள் துறைதான். 1919 வாக்கில் நார்வேயின் பெர்கனில் இருந்த ஆய்வாளர்கள், வெப்பக்காற்றும் குளிர்காற்றும் மோதும் எல்லையைப் போர்முனையோடு ஒப்பிட்டுத்தான் "முனை" என்ற கருத்தையே கொண்டுவந்தார்கள். முதல் உலகப் போர் அப்போதுதான் முடிந்திருந்தது. கனமான குளிர்காற்று ஆப்பு மாதிரி தரையோடு நுழைந்து வெப்பக்காற்றை மேலே தூக்குகிறது. காற்றழுத்தம் இறங்கிக்கொண்டே வந்து சட்டென்று ஏறும். காற்று திசை மாறும். இடியோடு மழையும் கொட்டலாம். ஒரு மணி நேரத்தில் பத்து டிகிரி சரிவதும் உண்டு. ஐந்து நாள் சராசரியை வரைபடத்தில் போட்டால் அது அழகான சரிவாகத்தான் தெரியும். சாரத்தில் நிற்பவனுக்கு அது ஒரே அடி.

எத்தனை மணிக்கு என்று நீங்கள் அடித்துச் சொல்ல முடியாது என்பது புரிகிறது. முடியாததைக் கேட்கவில்லை. ஐரோப்பிய நடுத்தரக் கால முன்னறிவிப்பு மையம் 1992 முதல், கணக்கு தொடங்கும் நேரத்து வானிலை நிலையைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி ஒரே கணக்கைப் பல தடவை போட்டுப் பார்க்கிறது. இப்போது ஐம்பது தடவைக்குக் குறையாமல். அந்த ஐம்பதில் பெரும்பாலானவை ஒரே மத்தியானத்தைக் காட்டினால் உங்களுக்கு நம்பிக்கை. மூன்று நாளுக்குச் சிதறிக் கிடந்தால் சந்தேகம். அந்தச் சந்தேகம் உங்கள் மேசையிலேயே நின்றுவிடுகிறது, எங்கள் கைக்கு ஒற்றை வரிதான் வருகிறது. 1861இல் நாளிதழில் பொது முன்னறிவிப்பு வெளியிடத் தொடங்கிய ராபர்ட் ஃபிட்ஸ்ராய், இது ஆரூடம் இல்லை, கணக்குப் போட்டுச் சொல்லும் கருத்துதான் என்று அப்போதே சொல்லிவிட்டார். சந்தேகத்தையும் சேர்த்துச் சொன்னால் உங்கள் மதிப்பு குறையாது, பயப்படாதீர்கள்.

"இயல்பைவிட அதிகம்" என்பதும் இந்தப் பருவத்தில் ஆளை ஏமாற்றும். இயல்பு என்பது முப்பது ஆண்டுச் சராசரி, இப்போது 1991 முதல் 2020 வரை. கோடை முடிவில் அந்த இயல்பே நாளுக்கு நாள் இறங்குகிறது. இயல்பைவிட இரண்டு டிகிரி கூடிய வாரம்கூட நடுக்கோடையைவிடக் குளுமையாக இருக்கலாம். சிவப்புச் சாயம் பூசிய வரைபடத்தைப் பார்த்து வேலையை ஒத்திப்போட்டவர்கள் உண்டு. மூன்று மாத முன்னோட்டத்தில் "இயல்பைவிட அதிகமாக இருக்க 40 சதவீத வாய்ப்பு" என்று வருவது அதைவிட மோசம். குறைவு, இயல்பு, அதிகம் என்ற மூன்று பங்கில் ஒவ்வொன்றுக்கும் சும்மாவே 33 உண்டு. 40 என்றால் தராசு கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அதற்கு ஏன் அத்தனை சிவப்பு?

இரவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பகல் உச்சத்தைக் கொட்டை எழுத்தில் போடுகிறீர்கள், இரவுக் குறைந்த அளவு மூலையில் கிடக்கிறது. 2003 ஆகஸ்டில் ஐரோப்பாவை வாட்டிய வெப்ப அலையில் இரவும் தணியாததால்தான் முதியவர்களின் உடம்பு மீளவே இல்லை. அந்தக் கோடையில் வழக்கத்தைவிட 70,000 பேருக்கு மேல் கூடுதலாக இறந்ததாக மதிப்பிடப்பட்டது. பகல் தணிந்தும் இரவு புழுங்கினால் என் ஆட்கள் தூங்காமல்தான் வேலைக்கு வருவார்கள். இன்னொன்று, முதல் குளிர் வந்ததும் கோடை போய்விட்டது என்று எழுதிவிடாதீர்கள். குளுமையான வாரத்தில் புதிதாகச் சேர்ந்த ஆளுக்கு உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். நாலே நாளில் வெயில் திரும்பினால் முதலில் சுருண்டு விழுபவர் அவர்தான்.

எனக்கு வேண்டிய வரி இப்படி இருந்தால் போதும்: "வெள்ளி பிற்பகல் 2 மணிக்கும் 6 மணிக்கும் இடையில் காற்று திசை மாறி பலமாக வீசும், மாலைக்குள் ஈரப்பதம் வெகுவாகக் குறையும், நேரத்தைப் பற்றிய உறுதி நடுத்தரம்." இதைப் படித்திருந்தால் அன்றைக்கு விடியற்காலை நான்கு மணிக்கே கலவையை ஆரம்பித்திருப்பேன். மத்தியானத்துக்குள் ஈரச் சாக்குப் போட்டு மூடியிருப்போம்.

இப்படிக்கு,
தளம் போடும் நாள் பார்க்க உங்களை நம்பியிருக்கும் ஒரு மேற்பார்வையாளர்