பழியை எல்லாம் மழை மேல் போடாதீர்கள்: செயற்கைக்கோள் டிவி நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

செயற்கைக்கோள் தொலைக்காட்சி நிறுவனங்களுக்கும், அவர்கள் பெயரில் மொட்டைமாடி ஏறி டிஷ் மாட்டும் ஒப்பந்தக்காரர்களுக்கும், வாடிக்கையாளர் சேவையில் தொலைபேசி எடுப்பவர்களுக்கும்,

வணக்கம்.

மழை வந்தால் படம் போகும். அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் எந்த மழைக்குப் போகலாம், எதற்குப் போகக்கூடாது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கை வாடிக்கையாளரிடம் யாரும் சொல்வதில்லை. டிஷ் மாட்டப் போகிறவர்களில் பலர் பார்ப்பதும் இல்லை. "மழை சார், நின்னா வந்துடும்" என்ற ஒரே பதில், மழையின் குற்றத்தையும் மாட்டியவரின் குற்றத்தையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறது. அந்த மூட்டையைப் பிரிக்கத்தான் இந்த மடல்.

வீட்டு டிஷ்களில் பெரும்பாலானவை கேயூ பேண்ட் என்னும் அதிர்வெண் வரிசையில், 12 கிகாஹெர்ட்ஸை ஒட்டி வேலை செய்கின்றன. அங்கே அலைநீளம் இரண்டரை சென்டிமீட்டர்தான். சில மில்லிமீட்டர் பருமனுள்ள மழைத்துளி அந்த அலையை உறிஞ்சவும் சிதறடிக்கவும் போதுமானது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பி.838 பரிந்துரையில் உள்ள வாய்பாட்டைக் கிடைமட்ட முனைவாக்கத்துக்கு (அலை கிடையாக அதிர்வது) போட்டுப் பார்த்தால், மணிக்கு 5 மி.மீ. மழையில் ஒரு கிலோமீட்டருக்கு 0.16 டெசிபல் இழப்பு, 25 மி.மீ. மழையில் 1.1, 100 மி.மீ. மழையில் 5.5. (3 டெசிபல் போனால் சிக்னல் பாதியாகிவிட்டது என்று பொருள்.) செங்குத்து முனைவாக்கத்தில் அந்த 5.5 என்பது 4.3 ஆகக் குறையும், ஏனென்றால் விழும் துளி உருண்டையாக இருப்பதில்லை, அடியில் தட்டையாகிவிடுகிறது. ஒரே மழையில் சில சேனல்கள் முதலில் போவதற்கு இது ஒரு காரணம். பெரிய டிஷ் வேண்டிய 4 கிகாஹெர்ட்ஸ் சி பேண்டில் அதே 100 மி.மீ. மழைக்கும் கிலோமீட்டருக்கு 0.2 டெசிபல்கூடப் போகாது.

இழப்பு பாதிக் கதைதான். தெளிந்த வானம் ரேடியோ அலைக்குக் குளிர்ந்த இடம். மழை மேகம் அப்படியல்ல, அறை வெப்பத்தில் நிற்கும் சுவர் மாதிரி. சிக்னலைத் தடுப்பதோடு நிற்காமல் தன் பங்குக்கு இரைச்சலையும் டிஷ்ஷுக்குள் கொட்டுகிறது. மழையில் 3 டெசிபல் இழப்பு என்றால், நல்ல எல்என்பி (டிஷ்ஷுக்கு முன்னால் நின்று சிக்னலை வாங்கிப் பெருக்கும் கருவி) மாட்டிய டிஷ்ஷில் சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் குறைவது ஏறத்தாழ 7 டெசிபல். எல்என்பி எவ்வளவு தரமானதோ அவ்வளவுக்கு இந்த வித்தியாசம் உறைக்கும். பெட்டியில் 'ஸ்ட்ரென்த்' பட்டை அசையாமல் நிற்க, 'குவாலிட்டி' பட்டை மட்டும் சரிவது இதனால்தான். ஸ்ட்ரென்த்தைப் பார்த்து "சிக்னல் நல்லா இருக்கே" என்று சொல்லும் ஊழியர் இரைச்சலையும் சேர்த்து எண்ணிக்கொண்டிருக்கிறார்.

இப்போது கையிருப்புக்கு வருவோம். 60 சென்டிமீட்டர் டிஷ், தெளிந்த வானில் சிக்னல்-இரைச்சல் விகிதம் 13 டெசிபல் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். டிவிபி-எஸ்2 என்ற ஒளிபரப்பு முறையில், தரவை நெருக்கமாக அடைத்து அனுப்பும் 8பிஎஸ்கே, 3/4 என்ற குறியீட்டில் வரும் சேனலுக்குக் குறைந்தது 7.9 டெசிபல் வேண்டும். ஆக, கையில் இருப்பது 5. அதற்குக் கீழே போனால் பழைய அனலாக் படம்போல் புள்ளி புள்ளியாக மங்காது; கட்டம் கட்டமாக உடைந்து, உறைந்து, அப்படியே அணைந்துவிடும். மழைக்குள் அலை கடக்கும் தூரம் 5 கிலோமீட்டர் என்றால், மணிக்கு 5 மி.மீ. தூறல் இரைச்சலையும் சேர்த்து எடுத்துக்கொள்வது இரண்டரை டெசிபல். 25 மி.மீ. மழை அந்தத் தூரம் முழுக்கப் பெய்தால் 10 டெசிபல். 100 மி.மீ. கொட்டினால் எந்த வீட்டு டிஷ்ஷும் தாங்காது. அதை நேர்மையாகச் சொல்லிவிடலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கொட்டும் மழைத்திரள் பெரும்பாலும் சில கிலோமீட்டர் அகலம்தான். அது நகர்ந்ததும் படம் தானாக வரும். ஆனால் தூறலுக்கே படம் போகும் வீட்டில், அந்த 5 டெசிபல் கையிருப்பை மழை வருவதற்கு முன்பே யாரோ செலவழித்திருக்கிறார்கள்.

எங்கே செலவாகிறது?

முதலில் திசை. 60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் கற்றை அகலம், அதாவது அது வானில் நன்றாகப் பிடிக்கும் கோணம், சுமார் 2.9 பாகை. குறி ஒரு பாகை விலகினால் 1.4 டெசிபல் போயிற்று. ஒரு பாகை என்பது டிஷ்ஷின் மேல் விளிம்பு கீழ் விளிம்பைவிட ஒரு சென்டிமீட்டர் முன்னே சாய்வதுதான்; கண்ணுக்குத் தெரியாது. படம் வந்த நொடியில் நட்டை முறுக்கிவிட்டு இறங்குகிறவர், கற்றையின் ஓரத்தில் டிஷ்ஷை நிறுத்திவிட்டு இறங்குகிறார். வெயிலில் அதுவும் போதும், படம் பளிச்சென்று இருக்கும். சரியான வழி எளிது: அளவு உச்சத்துக்குப் போய், அதைத் தாண்டி விழும்வரை திருப்பி, இருபுறமும் ஒரே அளவு விழும் இடங்களைக் குறித்துக்கொண்டு, நடுவில் நிறுத்துவது. அதற்கு முன் குழாய் நேர்குத்தாக நிற்கிறதா என்று ரசமட்டம் வைத்து இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். குழாய் சாய்ந்திருந்தால் டிஷ்ஷைக் கிடையாகத் திருப்பும்போதே ஏற்றக்கோணமும் மாறும், உச்சத்தைப் பிடிப்பதே பெரும்பாடு.

அடுத்தது எல்என்பியின் முறுக்கு. நேர்முனைவாக்க (கிடைமட்டம், செங்குத்து என்று பிரித்து அனுப்பும்) சேவைகளில் எல்என்பி 10 பாகை தப்பாகத் திரும்பியிருந்தால் நேரடி இழப்பு 0.13 டெசிபல்தான், பொருட்படுத்த வேண்டாம். ஆனால் எதிர் முனைவாக்கத்தில் வரும் சிக்னல் 15 டெசிபல் மட்டுமே தணிந்து உள்ளே ஒழுகும். 13 காட்ட வேண்டிய இடத்தில் 11 காட்டும். பிடியை அரைச் சுற்றுத் தளர்த்தி, எல்என்பியை மெல்லத் திருப்பி, மறுபடி முடுக்க ஐந்து நிமிடம் ஆகுமா?

மூன்றாவது மரம். உங்கள் டிஷ் ஆஃப்செட் வகை. முகம் ஏறக்குறைய செங்குத்தாக நிற்கிறது, அலையோ முகம் பார்க்கும் திசைக்கு 20 பாகைக்கும் மேலே உயரத்திலிருந்து வருகிறது. "முன்னால் ஒன்றும் மறைக்கலையே" என்று வாடிக்கையாளர் சொல்வது உண்மைதான். மறைக்கும் கிளை அவர் பார்க்கும் இடத்தில் இல்லை, அதற்கு மேலே இருக்கிறது. காய்ந்த இலை ஓரளவு விடும், நனைந்த இலை விடாது. மாட்டும்போது கிளை வளரும் திசையையும் பாருங்கள்.

நான்காவது தண்ணீர். இதைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் 'மழைக்கோளாறு' என்று எழுதிக்கொள்ளும் புகார்களில் மழைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது இதுதான்.

எல்என்பியின் அடியில் இருக்கும் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். நடுக்கம்பியின் முனையில் பச்சைப் பொடியோ கறுப்போ இருந்தால் தண்ணீர் உள்ளே போய்விட்டது. அந்தக் கம்பியில் 13 அல்லது 18 வோல்ட் (செங்குத்துக்கு 13, கிடைமட்டத்துக்கு 18) எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஈரமும் மின்சாரமும் சேர்ந்தால் செம்பு கரையும். செம்பு பூசிய இரும்புக் கம்பியானால் பூச்சு போனபின் துரு. தண்ணீர் கனெக்டரோடு நிற்பதும் இல்லை: கேபிளின் வெளிப்பின்னல் (உறைக்குள் இருக்கும் கம்பிவலை) விளக்குத் திரி எண்ணெய் குடிப்பதுபோல் அதைக் குடித்து, கேபிள் நெடுகக் கீழே இறக்கும். ஈரக் கேபிளில் உயர் அதிர்வெண்தான் முதலில் சாகும். எல்என்பி அனுப்பும் 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரையான வரிசையில் மேல்முனைச் சேனல்கள் முதலில் போகும். மின்னழுத்தம் வழியில் இறங்கி எல்என்பிக்கு 16 வோல்ட்டுக்குக் கீழே போய்ச் சேர்ந்தால், அது கிடைமட்டத்துக்கு மாறாமல் செங்குத்திலேயே நிற்கக்கூடும். பாதிச் சேனல்கள் காணாமல் போகும். இதையும் மழை என்றுதான் எழுதுகிறீர்கள்.

கனெக்டர் போடும் முறை உங்கள் ஆட்களுக்குத் தெரியாததல்ல, அவசரத்தில் விடுபடுவது. வெளிப்பின்னலை உறைமேல் பின்னோக்கி மடிக்க வேண்டும், ஒரு இழைகூட நடுக்கம்பியைத் தொடக்கூடாது. நடுக்கம்பியைச் சுற்றியிருக்கும் வெள்ளைப் பகுதி கனெக்டரின் உள்தளத்தோடு சமமாக நிற்க வேண்டும். நடுக்கம்பி நட்டின் விளிம்பைத் தாண்டி 2 மி.மீ. அளவு நீண்டால் போதும். திருகிப் போடும் கனெக்டரை வெளியில் பயன்படுத்தாதீர்கள், அழுத்திப் பொருத்தும் வகையைப் போடுங்கள். அதன்மேல் சாதாரண இன்சுலேஷன் டேப் வேண்டாம். வெயிலில் பசை உருகி வழிந்து, தண்ணீரை உள்ளே பிடித்துவைக்கும் பையாகிவிடும். தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இரண்டு மடங்கு நீளத்துக்கு இழுத்து, ஓடு வேய்வதுபோல் கீழிருந்து மேலே, பாதிக்குப் பாதி ஏறும்படி சுற்றுங்கள். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் துளையை விடக் கீழே ஒரு வளைவு தொங்கட்டும், வழிந்துவரும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். எல்என்பி மூக்கின் பிளாஸ்டிக் மூடியில் வெயிலால் விரிசல் விழுந்திருந்தால் எல்என்பியை மாற்றுங்கள். சிலர் பிளாஸ்டிக் பையைக் கட்டிவைக்கிறார்கள். பையின் மடிப்பில் தேங்கும் தண்ணீர், எந்த மழையும் செய்யாத இடைஞ்சலை மூக்குக்கு நேரே செய்யும்.

காற்றுக்கும் ஒரு கணக்கு. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகக் காற்று 60 சென்டிமீட்டர் டிஷ்ஷை 16 முதல் 19 கிலோ எடையின் விசையோடு தள்ளும். 90 சென்டிமீட்டர் டிஷ் மழையில் மூன்றரை டெசிபல் கூடுதலாகத் தரும், உண்மை. ஆனால் காற்றின் விசை இரண்டேகால் மடங்காகும்; கற்றை அகலமும் 1.9 பாகைக்குச் சுருங்குவதால் அதே ஒரு பாகை விலகலுக்கு 3 டெசிபலுக்கு மேல் போகும். பழைய குழாயில் பழைய போல்ட்டோடு பெரிய டிஷ்ஷை ஏற்றுவது, கொடுப்பதைக் கொடுத்துவிட்டு மறுகையால் வாங்கிக்கொள்வது. எந்த அளவானாலும் முடுக்கி முடித்ததும் குழாயையும் பிடியையும் சேர்த்து அழியா மையில் ஒரு கோடு கிழித்துவிடுங்கள். புயலுக்குப் பின் கோடு உடைந்திருந்தால் டிஷ் திரும்பியிருக்கிறது என்று கீழே நின்றே தெரிந்துகொள்ளலாம்.

வாடிக்கையாளர் சேவைக்கு ஒரு வேண்டுகோள். "பெட்டியை அணைத்துப் போடுங்கள், சேனல்களை மறுபடி தேடுங்கள்" என்பதை மழை நேரத்தில் சொல்லாதீர்கள். சிக்னல் இல்லாதபோது தேடினால் சில பெட்டிகளில் இருக்கும் பட்டியலும் அழியும். அதற்குப் பதில் கேட்க வேண்டியது, மழை விட்டபின் படம் எப்போது வந்தது என்பதை. மழைத்திரள் நகர்ந்த சில நிமிடங்களில் வந்தால் அது மழை. ஆள் அனுப்ப வேண்டாம். நல்ல வெயில் அடித்துக் காய்ந்தபின் வந்தால் கனெக்டரில் தண்ணீர். வரவே இல்லையென்றால் டிஷ் திரும்பியிருக்கும், அல்லது இடியில் எல்என்பி போயிருக்கும். இடி மின்னல் நேரத்தில் மின்செருகியோடு டிஷ் கேபிளையும் பெட்டியிலிருந்து கழற்றச் சொல்லுங்கள், அதுவும் இடி நெருங்கும் முன்பே. யாரையும் மாடி ஏறச் சொல்லாதீர்கள்.

வீட்டுக்கு மேல் வெயில், ஒரு சேனலும் இல்லை என்று ஒரே நேரத்தில் பல ஊர்களிலிருந்து அழைப்பு வந்தால், மழை உங்கள் ஒளிபரப்பு நிலையத்தின் மேல் பெய்கிறது. மேலே அனுப்பும் அலை கீழே வரும் அலையைவிட உயர்ந்த அதிர்வெண், மழையில் இன்னும் கூடுதலாகத் தேயும். அனுப்பும் திறனை மழைக்கேற்பக் கூட்டும் கருவி ஓரளவுக்குத்தான் கைகொடுக்கும். பல பத்து கிலோமீட்டர் தள்ளி இரண்டாவது நிலையம் இருந்தால் இரண்டின் மேலும் ஒரே நேரத்தில் கொட்டுவது அரிது. அது இல்லாத நிறுவனம் குறைந்தபட்சம் "கோளாறு எங்களிடம்" என்று குறுஞ்செய்தி அனுப்பலாம்.

இனி, இந்த மடலின் பெரிய கோரிக்கை. புயல் அன்று மக்கள் பார்க்க நினைப்பது வானிலைச் செய்தியைத்தான், அன்றைக்குத்தான் அது வருவதில்லை. அந்த ஒன்றிரண்டு சேனல்களை 8பிஎஸ்கே 3/4 இல் அனுப்பாமல், தனி அலையில், தரவைக் குறைவாக அடைத்து இரைச்சலைக் கூடுதலாகத் தாங்கும் க்யூபிஎஸ்கே 1/2 இல் அனுப்பினால் தேவைப்படும் விகிதம் 7.9 இலிருந்து 1 டெசிபலுக்கு இறங்கும். மேலே சொன்ன அதே டிஷ்ஷின் கையிருப்பு 5 இலிருந்து 12 ஆகும். பத்து டெசிபல் தின்னும் அந்த 25 மி.மீ. மழையிலும் செய்தி நிற்கும். ஒரு டிஷ்ஷையும் மாற்ற வேண்டாம். விலை உண்டு: அதே அலைவரிசையில் பாதிக்கும் குறைவான தரவுதான் போகும், எச்டி படம் கிடையாது. எச்சரிக்கை வாசிப்பவரின் சட்டைப் பொத்தான் தெளிவாகத் தெரியவேண்டிய அவசியமில்லை.

கடைசியாக, பெட்டித்திரையில் சதவீதப் பட்டைக்குப் பக்கத்தில் டெசிபல் எண்ணையும் காட்டுங்கள். ஒரு பெட்டியின் 80 சதவீதம் இன்னொன்றின் 60. டெசிபல் அப்படிப் பெட்டிக்குப் பெட்டி மாறாது. டிஷ் மாட்டும் ஒவ்வொரு வேலைச் சீட்டிலும் ஒரு வரி சேருங்கள்: தெளிந்த வானில், கிடைமட்டத்தில் ஒரு சேனலுக்கும் செங்குத்தில் ஒரு சேனலுக்கும் வந்த அளவு, தேதி, கையொப்பம். அந்தச் சீட்டின் நகல் வாடிக்கையாளரிடம் இருக்கட்டும். அடுத்த முறை "மழை சார்" என்று நீங்கள் சொல்லும்போது, வெயில் நாளில் எவ்வளவு இருந்தது என்று அவரும் படித்துக் காட்டலாம்.

இப்படிக்கு,
டிஷ் பொருத்தியும் பழுது பார்த்தும் பிழைக்கும் சிலர்