‘பிராண்ட் நியூ’: விளக்கம் தவறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சொல் விளக்கப் பகுதியில், புத்தம் புதியது என்று பொருள்படும் ‘பிராண்ட் நியூ’ என்ற ஆங்கிலச் சொல் நிறுவனத்தின் முத்திரைச் சீட்டு இன்னும் கிழிக்கப்படாத பொருளைக் குறிக்கப் பிறந்தது என்று எழுதியிருந்ததைப் படித்து மிகவும் வருந்தினேன். பழைய ஆங்கிலத்தில் ‘பிராண்ட்’ என்றால் நெருப்பு, எரிகிற கொள்ளி என்பது தாங்கள் அறியாததல்ல. உலையிலிருந்து அப்போதுதான் எடுத்ததைப் போலப் புதியது என்பதே அந்தக் கூட்டுப் பெயரடையின் பொருள். அது 16ஆம் நூற்றாண்டிலேயே வழங்கியது. பழுக்கக் காய்ச்சிய இரும்பால் குறியிடும் வழக்கத்திலிருந்து வணிகப் பெயர் என்ற பொருள் கிளைத்ததோ 19ஆம் நூற்றாண்டில்தான். பிந்தி வந்த பொருள் முந்திய சொல்லுக்கு எப்படி மூலமாகும்? ஷேக்ஸ்பியர் இதே கருத்தில் ‘ஃபயர் நியூ’ என்றே எழுதினார். ‘பன்னிரண்டாம் இரவு’ நாடகத்தில் நாணயச் சாலையிலிருந்து புதிதாக வந்த நாணயத்தைப் போன்ற நகைச்சுவை என்று வருவது இந்தச் சொல்லோடுதான்.

பேச்சில் ‘ட்’ ஒலி தேய்ந்து ‘பிரான் நியூ’ என்றும் எழுதினார்கள். நாவலாசிரியர் டிக்கன்ஸ் அப்படித்தான் எழுதியிருக்கிறார். ஆங்கிலத்தில் ‘பிரான்’ என்றால் தவிடு. அந்த எழுத்தைப் பார்த்தவர்கள், புதுப் பொருளைத் தவிட்டில் பொதிந்து அனுப்பியதால் வந்த சொல் என்று ஒரு கதை கட்டினார்கள். தங்கள் பகுதியும் அதே வழியில் போவதுதான் என் கவலை. முன்பு, நாணமுற்ற என்று பொருள்படும் ‘ஷேம்ஃபேஸ்டு’ என்பதை முகம் சிவப்பதோடு முடிச்சுப் போட்டிருந்தீர்கள். அதன் மூல வடிவம் ‘ஷேம்ஃபாஸ்ட்’. உறுதியான என்று பொருள்படும் ‘ஸ்டெட்ஃபாஸ்ட்’ என்பதில் உள்ள அதே ‘ஃபாஸ்ட்’தான் அதிலும் உள்ளது; இங்கே அதற்கு வேகம் என்பதல்ல, இறுகப் பிணைந்தது என்று பொருள். நாணத்தால் கட்டுண்டவர் என்பது பொருள். முகம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. அதைச் சுட்டி நான் எழுதிய கடிதம் வெளியாகவில்லை, பதிலும் வரவில்லை.

பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்றவள் நான். தங்கள் பகுதியை வெட்டி நோட்டில் ஒட்டி வைத்திருந்த மாணவி ஒருத்தி, அகராதியைக் காட்டிய பிறகும், “பத்திரிகையில் போட்டிருக்கிறதே, டீச்சர்” என்று என்னோடு வாதாடினாள். அச்சில் வந்ததை அவ்வளவு நம்பும் பிள்ளைகளுக்கு, கேட்க இனிமையாக இருக்கிறது என்பதற்காக எதையும் சொல்லலாமா? கொல்லர் பட்டறையைப் பார்த்த கிராமத்துப் பிள்ளைகள் நெருப்பு என்ற சரியான விளக்கத்தை நொடியில் பிடித்துக்கொண்டதை வகுப்பறையில் பலமுறை கண்டிருக்கிறேன்.

அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம் வெளியிடுங்கள். இனி அந்தப் பகுதியின் கீழே, பார்த்த அகராதியின் பெயரையும் சிறிய எழுத்திலாவது அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
தஞ்சாவூர்.