எங்கள் கதை ரசிகர் வட்டத்தின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் வட்டம் செய்த வேலைகளைச் சபை முன் வைக்கிறேன். பொதுக்குழுவை மீன்பிடித் தடைக்காலத்தில்தான் கூட்ட வேண்டும் என்று போன முறை தீர்மானம் போட்டோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் கிடக்கும். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் உறுப்பினர்களுக்குக் கூட்டத்துக்கு வர நேரம் கிடைக்கும். கையில் காசு இருக்காது என்பதும் தெரிந்ததே. அதனால் இந்த இரண்டு மாதமும் யாரிடமும் சந்தா கேட்பதில்லை என்பது இந்த ஆண்டும் தொடர்கிறது.

முதலில் அஞ்சலி. கீழக்கரையில் பெரியவர் சிறியவர் எல்லோரும் அண்ணன் என்ற பொருளில் காக்கா என்றே கூப்பிட்ட நம் மூத்த உறுப்பினர் இந்த ஆண்டு காலமானார். சிவகாசியிலிருந்து 1972-ல் முத்து காமிக்ஸ் வரத் தொடங்கியபோது அவர் பள்ளிக்கூடப் பையன். மின்சாரம் பாய்ந்ததும் உடம்பு மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும் மாயாவியின் கதையை அவர் சொல்லும்போது, ஒன் பீஸ் என்ற ஜப்பானியக் காமிக்ஸைத் தவிர வேறெதையும் தொடாத பிள்ளைகள்கூட வாயை மூடிக்கொண்டு கேட்பார்கள். அவர் சேர்த்து வைத்திருந்த இதழ்கள் முழுவதையும் குடும்பத்தார் நம் வட்டத்துக்கே கொடுத்துவிட்டார்கள். அவர்களுக்கு நம் நன்றியைப் பதிவு செய்கிறேன்.

அந்த இதழ்களைக் காப்பாற்றியதுதான் இந்த ஆண்டின் முதல் வேலை. உப்புக்காற்றில் நடுப்பக்கத்துப் பின்கள் துருப்பிடித்து, துரு இறங்கிய இடத்தில் தாள் பொடிந்துபோயிருந்தது. பின்னை இழுத்தால் தாளும் சேர்ந்து வரும். மொட்டைக் கத்தியின் நுனியால் பின்னின் காலை மெதுவாக நிமிர்த்தி, பின்பக்கமாகத் தள்ளி, ஒவ்வொன்றாக எடுத்தோம். அந்த ஓட்டையிலேயே பருத்தி நூலைக் கோத்து முடிச்சுப் போட்டது பாம்பன் உறுப்பினர்கள் இருவர். வலையைச் சரிசெய்து பழகிய விரல்கள். பழைய தாளில் ஒரு கீறல் விழவில்லை. இப்போது எல்லா இதழும் தனித்தனி உறையில், அந்துருண்டையோடு அலமாரியில் இருக்கின்றன. உட்கார்ந்து படிக்கலாம், வீட்டுக்குத் தருவதில்லை. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

1984-ல் தொடங்கிய லயன் காமிக்ஸுக்கு 2024-ல் 40 வருடம். ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்கு நம் உறுப்பினர்கள் சிலர் போய்வந்தார்கள். லயனில் வரும் கௌபாய் வீரன் டெக்ஸ் வில்லரைப் பற்றி விடிய விடியப் பேசக்கூடிய ஆட்களை அங்கே நேரில் பார்த்துவிட்டு வந்ததில், இங்கே மாதக் கூட்டத்துக்கு வரத் தயங்கிக்கொண்டிருந்த இரண்டு அண்ணன்மார் இப்போது தவறாமல் வருகிறார்கள்.

அடுத்து ரசிகர் கதைகள், அதாவது பிடித்த கதையின் பாத்திரங்களை எடுத்து ரசிகர்களே எழுதும் கதைகள். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஒருவர் உருவாக்கிய பாத்திரத்தை இன்னொருவர் எடுத்து எழுதலாமா என்ற கேள்வி ஜூலைக் கூட்டத்தில் வந்தது. திருப்புல்லாணியிலிருந்து வரும் தமிழாசிரியை அக்கா சொன்ன பதில் எனக்குப் போதுமானதாக இருந்தது. சேது கட்டும்போது உதவிய அணில் வால்மீகியின் கதையில் இல்லை. தொண்டரடிப்பொடி ஆழ்வார் பாட்டில் இருக்கிறது. கதையின் மேல் உயிரை வைத்தவர்கள் அதில் ஒன்றைச் சேர்த்தார்கள், இன்று நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அணில் இல்லாமல் சேது இல்லை. எடுத்து எழுதுவது தப்பில்லை. எவ்வளவு அக்கறையோடு எழுதுகிறோம் என்பதுதான் கேள்வி.

அந்த அக்கறையில்தான் குறை. கூட்டங்களில் வாசித்த கதைகளில் பாதிக்கு மேல் பொன்னியின் செல்வனை ஒட்டியவை. 1950 முதல் 1954 வரை தொடராக வந்த கதை, 2022-லும் 2023-லும் படமாக வந்தபிறகு புதிதாக ஒரு கூட்டம் படித்தது, படித்த கையோடு எழுதவும் உட்கார்ந்தது. மனதார வரவேற்கிறேன். ஆனால் வந்தியத்தேவன் கல்லூரி கேண்டீனில் பேசுகிற மாதிரி பேசுகிறான். முதற்பாகத்தில் ஒரு பார்வையால் அரசியலை நடத்துகிற குந்தவை, ரசிகர் கதையில் ஜன்னலோரம் நின்று அழுதுகொண்டே இருக்கிறாள். எங்கிருந்தோ ஒரு புதுப்பெண் வருகிறாள். வாள் சுழற்றுவாள், வைத்தியம் பார்ப்பாள், ஆறு மொழி பேசுவாள், அருள்மொழி உட்பட எல்லோருக்கும் அவளைப் பிடித்துவிடும். இந்த நோய் நமக்கு மட்டும் வந்ததில்லை. 1973-லேயே பவுலா ஸ்மித் என்ற அமெரிக்க ரசிகை இப்படிப்பட்ட பெண்ணுக்கு மேரி சூ என்று பெயர் வைத்து, சின்னதாக ஒரு கதை எழுதிக் காட்டிவிட்டார்.

ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று எழுதாத உறுப்பினரே இல்லை. எழுதுங்கள். ஆனால் உடையார்குடிக் கல்வெட்டு என்று ஒன்று இருக்கிறது, அதில் ரவிதாசன், சோமன், பரமேஸ்வரன் என்று பெயர்கள் இருக்கின்றன. அதைப் படித்துவிட்டு அப்புறம் மாற்றி எழுதினால் அதற்கு ஒரு பலம் வரும்.

சோழர் அடுப்பில் மிளகாய் வேண்டாம், அது போர்ச்சுக்கீசியர் வந்தபிறகு வந்த சரக்கு. குதிரைவீரன் சீமைக்கருவேலம் புதருக்குள் ஒளிய வேண்டாம். நம் மாவட்டத்தில் கண்ணுக்கு எட்டிய தூரம் அதுதான் நிற்கிறது என்றாலும், அமெரிக்கக் கண்டத்திலிருந்து நேற்று வந்த மரம் அது. உடைமரம் என்று எழுதுங்கள், பனங்காடு என்று எழுதுங்கள். தலைப்பிலேயே ‘எனக்கு எழுத வராது, மன்னிக்கவும்’ என்று போடுவதையும், மூன்று அத்தியாயத்துக்குப் பின் ‘தொடரும்’ போட்டுவிட்டுக் காணாமல் போவதையும் விட்டுவிட்டால் வாசிப்பவர்களுக்குப் பெரிய உபகாரம்.

எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது கதைகளில் வரும் கடல். செப்டம்பர்க் கூட்டத்தில் ஒரு தம்பி, பொன்னியின் செல்வனில் வரும் படகோட்டிப் பெண் பூங்குழலியை வைத்து நல்ல கதை ஒன்று வாசித்தான். கோடிக்கரையில் ஏறும் ஒரு பெரிய நாவாய் பாய் விரித்து நேரே தெற்கே ஓடி, சேதுவைத் தாண்டி, மறுநாள் காலை கொற்கைக்கு வந்துவிடுகிறது. வாசித்து முடித்ததும் கைதட்டல். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த மண்டபத்துப் பெரியவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “தம்பி, அன்னைக்கு என்ன காத்து?”

அவனுக்குத் தெரியவில்லை. பெரியவர் எழுந்து வந்து சாக்பீஸ் வாங்கித் தரையில் தனுஷ்கோடியையும் தலைமன்னாரையும் போட்டார். நடுவே புள்ளி புள்ளியாக மணல்திட்டு. சில இடத்தில் இடுப்பளவு தண்ணீர்தான், பெரிய கப்பல் எப்படித் தாண்டும் என்றார். வாடை அடிக்கும் மாதங்களில் வடகடல் பொங்கும், தென்கடல் படுத்துக் கிடக்கும். தென்மேற்குக் காற்றான கச்சான் காலத்தில் அப்படியே மாறும் என்று சாக்பீஸைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். “உங்க பூங்குழலி பெரிய கப்பல்ல ஏற மாட்டாப்பா. சின்னப் படகுல தனியா வருவா, திட்டு எங்க இருக்குன்னு அவளுக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அந்தத் தம்பி கதையைத் திரும்ப எழுதி நவம்பரில் வாசித்தான். திட்டுக்குத் திட்டு படகை இறங்கித் தள்ளிக்கொண்டு அவள் போகும் இரண்டு பக்கம், இந்த ஆண்டு நான் கேட்டதிலேயே சிறந்தது. ராமநாதபுரம் கரையில் பிறந்த ஒருவர் எழுதுகிற கதையில் கடல் தப்பாக இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மற்ற ஊர்க்காரர்கள் புத்தகத்தில் தேட வேண்டியதை நாம் பக்கத்து வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

அதையொட்டி, கடல் குறிப்பேடு ஒன்றைத் தொடங்கியிருக்கிறோம். காற்று, நீரோட்டம், வத்தை என்ற படகுக்கும் வள்ளம் என்ற படகுக்கும் என்ன வேறுபாடு, நிலா எந்தக் கட்டத்தில் கடல் எவ்வளவு ஏறும் என்று பெரியவர்கள் சொல்லச் சொல்ல இளைஞர்கள் எழுதிவருகிறார்கள். தொண்டி, தேவிபட்டினம் பக்கத்துச் செய்திகள் இன்னும் சேரவில்லை. அந்தப் பக்கத்து உறுப்பினர்கள் உதவ வேண்டும்.

உச்சிப்புளியிலிருந்து வரும் கல்லூரி மாணவியின் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையையும் குறிப்பிட வேண்டும். 1888-ல் நடப்பதாக வரும் மூலக்கதை ஒன்றில், ஹோம்ஸ் திருகோணமலையில் ஒரு வழக்கைத் தீர்த்ததாக வாட்சன் போகிறபோக்கில் ஒரு வரி சொல்வார். அவ்வளவுதான், அந்த வழக்கு எழுதப்படவே இல்லை. அந்த ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டு இந்தப் பெண் கதை கட்டினாள். முதலில் எழுதிய படியில் ஹோம்ஸ் பாம்பன் பாலத்தில் ரயிலில் வந்து தனுஷ்கோடியில் கப்பல் ஏறினார். பாலம் திறந்ததே 1914-ல்தான் என்று ரயில்வேயில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற நம் பொருளாளர் சொன்னார். அதற்கு முன்னால் சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில், அங்கிருந்து கொழும்புக்குக் கப்பல். அவள் சோர்ந்துபோகவில்லை, தூத்துக்குடித் துறைமுகத்தையே கதையின் மையமாக்கிவிட்டாள். பழைய படியைவிட இது பத்து மடங்கு மேல்.

இரண்டு விதிகளையும் சபை உறுதிசெய்ய வேண்டும். ஒன்று, கதையின் முதல் பக்கத்திலேயே யாருக்கான கதை, என்ன மாதிரி சங்கதிகள் வரும் என்று எழுத வேண்டும். பெரியவர்களுக்கான கதை ஒன்று எட்டாம் வகுப்புப் பிள்ளை கையில் கிடைத்து, அவள் அம்மா வந்து வருத்தப்பட்டார். அவர் வருத்தம் நியாயமானது. உலகம் முழுக்க ரசிகர் கதைகளைச் சேர்த்து வைக்கும் ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் என்ற இணையதளம் 2009 முதல் இப்படித்தான் குறிச்சொல் போட்டு நடக்கிறது, 2019-ல் அறிவியல் புனைகதை உலகின் ஹ்யூகோ விருதும் வாங்கியது. இரண்டு, காப்புரிமை உள்ள பாத்திரங்களை வைத்து எழுதிய கதைகளை விற்கக் கூடாது. நம் நாட்டில் எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு வரை உரிமை இருக்கிறது. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை. மாயாவியும் டெக்ஸும் அப்படியல்ல.

ஜோடிச் சண்டை பற்றியும் சொல்லிவிடுகிறேன். வந்தியத்தேவனுக்கு யார் ஜோடி என்பதில் டிசம்பர்க் கூட்டத்தில் குரல் உயர்ந்து ஒரு லாத்தா (அக்கா) எழுந்து போய்விட்டார். அவரை நேரில் போய்ப் பார்த்துப் பேசினோம், திரும்ப வந்துவிட்டார். கதையில் வரும் ஆளுக்காக நம் ஆளை இழக்கக் கூடாது.

இனி வெளியூர்ப் பயணம். ரசிகர்கள் பாத்திரங்களின் வேடம் போட்டுக்கொண்டு வரும் காமிக்ஸ் விழாவான காமிக் கான் 2011-ல் டெல்லியில் தொடங்கியது. அது சென்னைக்கு 2024 பிப்ரவரியில்தான் முதல்முறை வந்தது. 2025 பிப்ரவரியில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடந்ததற்கு நம் உறுப்பினர்கள் போனார்கள். பாம்பனில் ரயில் ஓடாத காலம் என்பதால் தீவிலிருந்து வந்தவர்கள் பஸ் பிடித்து ராமநாதபுரத்தில் ஏற வேண்டியிருந்தது.

தங்கச்சிமடத்துத் தங்கை ஒருத்தி பூங்குழலி வேடம் போட்டாள். சேலையைப் பழைய முறையில் கட்டிவிட்டது அவள் பாட்டி. அப்பாவின் மரத் துடுப்பையே கொண்டுவருவேன் என்று நின்றாள். கனமான, முனையுள்ள பொருள்களுடன் கூட்டத்துக்குள் போவது ஆபத்து என்பதால், ஃபோம் ஷீட்டில் அதே அளவுக்கு வெட்டி ஒட்டிக் கொடுத்தோம். பெயின்டின் மேல் லேசாகச் சுண்ணாம்பைத் தேய்த்து உப்புப் பூத்த மாதிரி காட்டியது அவள் யோசனை. நருட்டோக்களும் ஸ்பைடர்மேன்களும் நிறைந்த கூட்டத்தில் எங்கிருந்தோ ஒரு அம்மா, “பூங்குழலி!” என்று கூவிக்கொண்டு ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ரசிகராக இருப்பதன் முழுச் சந்தோஷமும் எனக்கு அந்த நிமிஷத்தில் தெரிந்தது.

அடுத்து எந்த விழாவுக்குப் போகிறவர்களுக்கும்: தேய்ந்த செருப்பே போதும், புதுச் செருப்பு காலைக் கடித்துவிடும். ஊக்கு, நூல், ஒட்டும் டேப் ஒரு பையில் இருக்கட்டும். வேடம் போட்டவர்களிடம் கேட்காமல் படம் எடுக்காதீர்கள், தோளில் கை போடாதீர்கள். வெளியூர் நிகழ்ச்சி ஒன்றில் நம் பெண்களுக்கு இந்தத் தொல்லை ஏற்பட்டது. இனி ஒவ்வொரு பயணத்திலும் இரண்டு மூத்த பெண் உறுப்பினர்கள் கூடவே வருவார்கள், செலவு வட்டத்துடையது.

டோக்கியோவில் 1975-ல் தொடங்கிய காமிக்கெட்டில் ரசிகர்கள் தாங்களே அச்சிட்ட புத்தகங்களை மேசை போட்டு விற்கிறார்கள். அந்த அளவுக்கு நம்மால் முடியாது. ஆனால் அடுத்த தடைக்காலத்தில் மண்டபத்தில் ஒருநாள் ரசிகர் சந்திப்பு நடத்தலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. பழைய காமிக்ஸ் கண்காட்சி, கதை வாசிப்பு, வேடப்போட்டி, அனிமே என்ற ஜப்பானியக் கார்ட்டூன் பார்க்கும் பிள்ளைகளுக்குத் தனி அறை. நாட்டுடைமையான கதைகளை ஒட்டி எழுதியவற்றில் தேர்ந்தெடுத்தவையும் கடல் குறிப்பேடும் சிறு நூலாக அங்கே வெளிவரும். ஏப்ரல் 6-ல் புதிய பாம்பன் பாலம் திறந்துவிட்டதால் வெளியூர் ரசிகர்கள் தீவுக்கும் ரயிலிலேயே வந்துபோகலாம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார். கூடத்தை வாடகையின்றித் தந்தவர்களுக்கும், ஒவ்வொரு கூட்டத்துக்கும் டீயும் சுண்டலும் கொண்டுவரும் அக்காமாருக்கும் நன்றி. சந்திப்புக்கான குழுவில் சேர விரும்புகிறவர்கள் இன்று கூட்டம் முடிவதற்குள் துணைச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். கதை அனுப்புகிறவர்கள் டிசம்பர் கடைசிக்குள் முழுக் கதையாக அனுப்புங்கள். இந்த அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தரும்படி சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்
மே 2025